இலையைப் பார்த்தீர்களா? – செடி கொடி கேள்வி பதில்

இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான். ஒரு பூவின் போட்டோ, முகத்துக்கு நேராக, பின்னால் எல்லாம் மங்கலாக, பார்க்க அழகாக இருக்கும். கீழே ஒரு வரி: “சார், இது என்ன குடும்பம்?” இலை இல்லை, தண்டு இல்லை, பூவின் அடிப்பக்கமும் இல்லை. வரன் பார்க்கிறவர்கள்கூட இதைவிட அதிகம் விசாரிப்பார்கள். சரி, இந்த இதழில் குடும்பம் கேட்டவர்களுக்கு மட்டும் பதில். உரம், மாவுப்பூச்சி, மாடித்தோட்டம் என்று எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பண்புகள் கொடுத்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்துவிடுகிறேன், ஆனால் செய்முறைத் தேர்வில் செடியைக் கையில் கொடுத்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது? – ஒரு மாணவி, தஞ்சாவூர்

பதில்: பூவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு இலையைக் காம்போடு கிள்ளுங்கள். பால் வருகிறதா? வந்தால் பாதி வேலை முடிந்தது. இலைகள் எதிரெதிராக இருந்து பாலும் வந்தால் முதலில் அப்போசைனேசியை நினையுங்கள்: நந்தியாவட்டை, எருக்கு எல்லாம் அங்கேதான். இலைகள் மாறி மாறி இருந்து, கிளை நுனியில் இளம் இலையைக் கூம்புபோல ஒரு செதில் மூடியிருந்து, அது விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் தழும்பும் இருந்தால் மோரேசி. ஆல், அரசு, பலா மூன்றிலும் இதைப் பார்க்கலாம், ஒரு பலாக் கிளை போதும். இரண்டும் இல்லையென்றால் யூஃபோர்பியேசியைச் சந்தேகிக்கலாம். விதிவிலக்கு இல்லாமலா? சப்போட்டாவிலும் பப்பாளியிலும் பால் உண்டு, இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். மஞ்சள் அரளி அப்போசைனேசிதான், ஆனால் இலை மாறி மாறி நிற்கும். அங்கே மொட்டைப் பாருங்கள், ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி இதழ்கள் ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு இருக்கும். நந்தியாவட்டைப் பூ காற்றாடிபோல் தெரிவதற்கும் அந்த முறுக்குதான் காரணம்.

பால் வரவில்லை, இலைகள் எதிரெதிராக இருக்கின்றன என்றால், இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவில் தண்டின் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெட்சிச் செடியை (இட்லிப்பூ என்றால் தெரியும்) எடுத்துக் கணுவைத் திருப்பினால், ஒரு காம்புக்கும் எதிர்க் காம்புக்கும் இடையே சின்னதாக, கூர்நுனியோடு ஒரு செதில் நிற்கும். அதுதான் இலையடிச் செதில். அது காம்புகளுக்கு நடுவே பாலம்போல் நின்றால் ரூபியேசி என்று தைரியமாக எழுதலாம். காபி, மஞ்சணத்தி, கடம்பு எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் படித்தபோது செய்முறைத் தேர்வில் ஒரு தட்டில் அடுக்கடுக்காக ஒரு வெள்ளைப் பூவும் அதோடு எதிரெதிரே இரண்டு இலையும் வைத்திருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் கார்டீனியா என்று முடிவுகட்டி, ரூபியேசி என்று பெரிய எழுத்தில் எழுதி, அடிக்கோடு போட்டு, இல்லாத கீழ்மட்டச் சூற்பையைப் (சூற்பை என்றால் பூவில் பின்னால் காயாகிற பகுதி) படமாகவும் வரைந்துவிட்டேன். மேசைக்கு வந்த தேர்வாளர் என் தட்டிலிருந்த இலையை எடுத்து ஒரு கிள்ளு கிள்ளி விடைத்தாளின் மேல் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. ‘ரூபியேசி’க்குப் பக்கத்தில் பால் வட்டமாக ஊறியது. அது அடுக்கு நந்தியாவட்டை.

அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பழகும்போது அடுக்குப் பூ எடுக்காதீர்கள். அடுக்குச் செம்பருத்தியில் கூடுதலாகத் தெரியும் இதழ்களில் பெரும்பாலானவை மகரந்தத் தாள்களாக இருந்திருக்க வேண்டியவை. ஒற்றைச் செம்பருத்தியைத் தேடிப் பறித்துப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். மகரந்தத் தாள்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குழாயாகி, சூலகத் தண்டு அந்தக் குழாய்க்குள்ளே நுழைந்து நுனியில் ஐந்து பொட்டாக வெளியே வரும். புல்லி வட்டத்துக்கு வெளியே இன்னொரு சுற்றுப் பச்சைச் செதில்கள் இருக்கும், அது புறப்புல்லி வட்டம். கிள்ளிய இடத்தில் விரல் வழவழக்கும். வெண்டைக்காய் நறுக்கும்போது வருகிற அதே வழவழப்பு, அதே மால்வேசி.

கடைசியாகச் சூற்பை. மேல்மட்டமா கீழ்மட்டமா என்று பூவில் பார்க்கக் கஷ்டமாக இருந்தால் காயில் பாருங்கள், அதற்குச் சமையலறையே போதும். கத்தரிக்காயில் பச்சைப் புல்லிவட்டம் காம்புப் பக்கம் தொப்பி மாதிரி இருக்கிறது, காய் அதற்கு மேலே வளர்ந்திருக்கிறது, ஆகவே மேல்மட்டச் சூற்பை. கொய்யாவிலோ மாதுளையிலோ காம்புக்கு எதிர் முனையில் காய்ந்த கிரீடம் இருக்கும். அதுதான் புல்லிவட்டம், காய் அதற்குக் கீழே வளர்ந்திருக்கிறது, ஆகவே கீழ்மட்டம். பூசணியின் பெண் பூவைப் பார்த்தால் பூவுக்கு அடியிலேயே பிஞ்சு உட்கார்ந்திருக்கும். இதற்குமேல் ஒரு புத்தகமும் தெளிவாகச் சொல்லாது.

கேள்வி: கறிவேப்பிலைக்கும் வேப்பிலைக்கும் பேரே ஒன்றாக இருக்கிறது, இலையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இரண்டும் ஒரே குடும்பமா? – ஒரு குடும்பத் தலைவி, திருநெல்வேலி

பதில்: இல்லை அம்மா. தாளிக்க எடுத்த கறிவேப்பிலையில் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். இலை முழுக்க ஊசியால் குத்தியதுபோல் வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள், அந்த வாசனையே அங்கிருந்துதான் வருகிறது. எலுமிச்சை இலை, வில்வ இலை, நாரத்தை இலை எதைத் தூக்கிப் பிடித்தாலும் அப்படித்தான். இது ரூட்டேசி குடும்பம். வேப்பிலையின் ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும், ஒவ்வொரு சிற்றிலையும் அடிப்பக்கம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கோணலாக இருக்கும். பூவையும் பிரித்துப் பாருங்கள். வேப்பம்பூவில் பத்து மகரந்தத் தாளும் சேர்ந்து ஒரு வெள்ளைக் குழாயாக இருக்கும், கறிவேப்பிலைப் பூவில் பத்தும் தனித்தனி. வேம்பின் குடும்பம் மெலியேசி. மலைவேம்பு, மகோகனி எல்லாம் அந்தப் பக்கம். ஆனால் நீங்கள் கேட்டதும் முழுத் தப்பில்லை. இரண்டு குடும்பமும் சாப்பிண்டேல்ஸ் என்ற ஒரே வரிசைக்குள் வருகின்றன. ஒரே வீடு இல்லை, ஒரே தெரு.

கேள்வி: முருங்கைக்காய் நீளமாக, உள்ளே வரிசையாக விதையோடு இருக்கிறது. அகத்தி மாதிரி அதுவும் அவரைக் குடும்பம்தானே? நண்பரோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பந்தயப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். முருங்கை மோரிங்கேசி என்ற தனிக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் மோரிங்கா என்ற ஒரே பேரினம்தான் இருக்கிறது. அதன் உறவு அவரையோடு இல்லை, கடுகோடு. நம்பிக்கை வரவில்லையா? முருங்கை வேரின் கடுகுக் காரத்துக்கும் கடுகின் காரத்துக்கும் பின்னால் ஒரே வகை வேதிப்பொருள்தான் இருக்கிறது.

சாம்பாரில் போடும் முன் ஒரு துண்டைக் குறுக்காகப் பாருங்கள், மூன்று பக்கம் தெரியும். முற்றிக் காய்ந்தால் மூன்றாகப் பிளக்கும், விதைக்கும் மூன்று இறக்கை. அவரைக்காய் இரண்டாகப் பிளக்கும், விதைகள் எல்லாம் ஒரே ஓரத்தில் தொற்றிக்கொண்டு இருக்கும். நார் உரிக்கும்போது பார்த்திருப்பீர்கள். காய் நீளமாக இருப்பதை வைத்துக் குடும்பம் சொல்வது, உயரமாக இருப்பவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் என்று சொல்வதுபோல்.

கேள்வி: பட்டாசுக்காய் ஏன் வெடிக்குது? எச்சில் வச்சா மட்டும் வெடிக்குது. – ஆறாம் வகுப்பு மாணவன், விருதுநகர்

பதில்: எச்சில் வேண்டாம் தம்பி, தண்ணீர் போதும். அந்தக் காய் காயும்போது அதன் இரண்டு பாதியும் விலகத் துடிக்கும், நுனியில் ஒட்டியிருப்பதால் விலக முடியாது. தண்ணீர் பட்டதும் அந்த ஒட்டு விட்டுவிடும், டப்பென்று பிளக்கும். அது மட்டும் என்றால் விதை காலடியில்தான் விழும். வெடித்த காயை எடுத்து உள்ளே பார், ஒவ்வொரு விதைக்கும் அடியில் சின்னக் கொக்கி ஒன்று இருக்கும். விதையைக் கவண்போல் எறிவது அதுதான். இந்தக் கொக்கி இருந்தால் அக்காந்தேசி குடும்பம். உன் அம்மா தலையில் வைக்கிற கனகாம்பரமும் அதே குடும்பம்தான். அந்தச் செடியில் காய்ந்த கதிர் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்.

கேள்வி: தண்டு சதுரமாக இருந்தால் துளசிக் குடும்பம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நிலவேம்பின் தண்டும் சதுரமாகத்தானே இருக்கிறது? – ஒரு சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை

பதில்: நல்ல கேள்வி. சதுரத் தண்டு ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது. சதுரத் தண்டு, எதிரிலை, கசக்கினால் வாசனை, இவை மூன்றும் சேர்ந்திருந்தால் லேமியேசி பக்கம் சாயலாம். ஆனாலும் தும்பை போன்றவற்றில் துளசி அளவுக்கு வாசனை எதிர்பார்க்க முடியாது. அதனால் நான் காய்ந்த புல்லிவட்டத்துக்குள் எட்டிப் பார்ப்பேன். துளசியில் கிண்ணத்துக்கு அடியில் நான்கு சிறு கொட்டைகள் நான்கு மூலையில் உட்கார்ந்திருக்கும். எல்லாப் பூவிலும் நான்கும் தேறாது, நாலைந்து பூவைப் பார்த்தால் தெரிந்துவிடும். நிலவேம்பில் அப்படி இருக்காது, நீளமாக ஒரு காய் இருக்கும், மேலே தம்பிக்குச் சொன்ன அதே கொக்கியோடு. ஆடாதோடையும் நிலவேம்பு பக்கம்தான்.

கேள்வி: என் பழைய புத்தகத்தில் எருக்கு அஸ்கிளெபியடேசி, தேக்கு வெர்பினேசி, கீழாநெல்லி யூஃபோர்பியேசி. மகளின் புத்தகத்தில் மூன்றும் மாறியிருக்கின்றன. யார் சொல்வது சரி? – ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, நீங்கள் படித்தது பெந்தாம், ஹூக்கர் இருவரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட வகைப்பாடு. கண்ணுக்கும் லென்சுக்கும் தெரிந்த பண்புகளை வைத்து அவர்கள் செய்த வேலை அது. உலர்தாவரப் பெட்டிகள் பல இன்னமும் அந்த வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. 1998 முதல் ஏ.பி.ஜி. என்ற ஆய்வாளர் கூட்டணி டி.என்.ஏ.வை வைத்துக் குடும்பங்களைத் திருத்தி எழுதி வருகிறது, நான்காவது பதிப்பு 2016-இல் வந்தது. உங்கள் மகள் படிப்பது அது. இரண்டு பேரும் ஒரே செடியைத்தான் பார்க்கிறீர்கள்.

எருக்கில் மகரந்தம் தூளாக இல்லாமல் சிறு பைகளாகத் திரண்டிருப்பதால் அதைத் தனிக் குடும்பமாக்கி வைத்திருந்தார்கள். இப்போது அது அப்போசைனேசிக்குள்ளேயே ஒரு கிளை என்று தெரிந்துவிட்டது. பாலும் எதிரிலையும் முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. தேக்கு, நொச்சி இரண்டும் லேமியேசிக்குப் போய்விட்டன. அவ்வளவு பெரிய மரம் துளசிக்குச் சொந்தமா என்று சிரிக்க வேண்டாம், தேக்கின் இளங்கிளையைப் பிடித்துப் பாருங்கள், சதுரம்தான்.

கீழாநெல்லி விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதையும் நெல்லியையும் ஃபில்லாந்தேசி என்று தனியாக எடுத்துவிட்டார்கள். கிள்ளினால் பால் வராது என்பது ஒன்று. இன்னொன்றுக்கு இலைக்கு அடியில் தொங்கும் அந்தக் கடுகளவுக் காயை நகத்தால் உடைத்து எண்ண வேண்டும். மூன்று அறை, அறைக்கு இரண்டு, ஆக ஆறு விதை. ஆமணக்குக் காயிலும் மூன்று அறைதான், ஆனால் அறைக்கு ஒன்றுதான், மூன்று கொட்டை. அந்த வித்தியாசம் அங்கேயே இருந்தது, பழைய ஆட்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில்தான் தகராறு. தேர்வு எழுதுகிறவர் மகள் என்றால் மகளின் புத்தகப்படியே எழுதட்டும்.

கேள்வி: சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி இரண்டும் கள்ளிதானே, குடும்பம் ஏன் வேறு? – ஒரு விவசாயி, தூத்துக்குடி

பதில்: பேர் கொடுத்தவர்கள் முள்ளைப் பார்த்துக் கொடுத்தார்கள். சதுரக்கள்ளியைக் கீறினால் வெள்ளைப் பால் வரும், அது யூஃபோர்பியேசி, நம் நாட்டுச் செடி. சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் கொழகொழவென்று தண்ணீர்தான் வரும், அது காக்டேசி, அமெரிக்காவிலிருந்து வந்தது. முள்ளிலும் வித்தியாசம் உண்டு. சதுரக்கள்ளியில் முள் ஜோடி ஜோடியாக இருக்கும். சப்பாத்திக்கள்ளியில் பஞ்சுத் திட்டு மாதிரி ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும், கூடவே கண்ணுக்குத் தெரியாத பொடி முள்ளும் இருக்கும், விரலில் ஏறினால் ராத்திரி தூக்கம் போய்விடும். பூவோ சப்பாத்திக்கள்ளியில் பெரிசாக, மஞ்சளாக, நிறைய இதழோடு இருக்கும். சதுரக்கள்ளியில் பூ இருப்பதே தெரியாது. சின்னக் கிண்ணம், நடுவில் ஒரு பெண் பூ, சுற்றிலும் ஒற்றை மகரந்தத் தாளாகக் குறுகிப்போன ஆண் பூக்கள்.

பார்க்கிற ஆர்வத்தில் கள்ளிப் பாலையோ எருக்கம்பாலையோ கண்ணில் படவிடாதீர்கள். பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள், கைவைத்தியம் வேண்டாம். முதல் பதிலில் கிள்ளச் சொன்னேன் அல்லவா, கிள்ளிய கையை சோப்புப் போட்டுக் கழுவுவதும் அதில் சேர்த்திதான்.

கேள்வி: சங்குப்பூ அவரைக் குடும்பம் என்றால் பெரிய இதழ் மேலேதானே இருக்க வேண்டும்? எங்கள் வேலியில் கீழே இருக்கிறது. – ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்கள் பூவை ஒழுங்காகப் பார்த்திருக்கிறீர்கள், சந்தோஷமாக இருக்கிறது. அவரை, அகத்தி, கொண்டைக்கடலை எதிலும் பெரிய கொடியல்லி மேலே, இரண்டு சிறகல்லி பக்கத்தில், படகல்லி அடியில். சங்குப்பூ தலைகீழாகத் திரும்பி நிற்கும். ஒரு பூவைப் பறித்து நீங்களே திருப்பிப் பிடியுங்கள், அவரைப்பூ மாதிரி ஆகிவிடும். பத்து மகரந்தத் தாளில் ஒன்பது ஒட்டி, ஒன்று தனியாக நிற்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: காகிதப்பூவுக்கு ஏன் வாசனையே இல்லை? – ஒரு வாசகர், ஓசூர்

பதில்: நீங்கள் முகர்ந்தது பூவை இல்லை, பூவடிச் செதிலை. மூன்று வண்ணச் செதிலுக்கும் நடுவில் ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொண்டு மெல்லிய குழாயாக ஒரு வெள்ளைப் பூ இருக்கும், அதுதான் பூ. அந்திமந்தாரையும் மூக்கிரட்டையும் இதன் உறவு.

கேள்வி: தாமரையும் அல்லியும் ஒரே குடும்பமா? – பலர்

பதில்: இல்லவே இல்லை, ஒரே குளத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். தாமரை இலையில் காம்பு நடுவில் குடைக்கம்பி மாதிரி சேரும், இலை வட்டமாக முழுசாக இருக்கும், தண்ணீருக்கு மேலே எழுந்தும் நிற்கும். அல்லி இலையில் காம்பு வரை ஒரு பிளவு இருக்கும், இலை தண்ணீரில் மிதக்கும். தாமரையின் நடுவே ஷவர் தலை மாதிரி ஒரு பொகுட்டு, அது அல்லியில் கிடையாது. டி.என்.ஏ. சொல்கிற உறவு இன்னும் வேடிக்கை. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைத்திருக்கும் சில்வர் ஓக் மரம்தான் அல்லியைவிடத் தாமரைக்கு நெருங்கின சொந்தம். இதற்கு மட்டும் என்னிடம் பிளேடு வைத்தியம் இல்லை.

கேள்வி: ஏற்காட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு புதர், கோடை மழைக்கு அப்புறம் வெள்ளையாக மல்லிகை மாதிரி பூத்து மணந்தது. பூவும் இலையும் உறையில் வைத்திருக்கிறேன். மல்லிகைக் குடும்பமா? – ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: பூ வந்து சேரும்போது பொடியாகிவிட்டது. இருந்திருந்தால் மகரந்தத் தாளை எண்ணியிருப்பேன், மல்லிகை என்றால் இரண்டுதான் இருக்கும். நல்லவேளை, இலையைக் கணுவோடு ஒடித்து வைத்திருக்கிறீர்கள், இந்த மாதம் இதைச் செய்த ஒரே ஆள் நீங்கள்தான். எதிரெதிர் இலை, ஓரம் அலை அலையாக, பளபளப்பாக. இரண்டு காம்புக்கும் நடுவில் கூர்நுனிச் செதில். இலையின் பின்பக்கம் நடு நரம்பிலிருந்து கிளை நரம்பு பிரியும் மூலைகளில் சின்னச் சின்னக் குழி. ரூபியேசி, அதிலும் காபிச் செடி. காய் பழுத்துச் சிவந்ததும் ஒன்றைப் பிதுக்கிப் பாருங்கள், தட்டைப் பக்கம் ஒட்டினாற்போல் இரண்டு கொட்டை இருக்க வேண்டும். ஒன்று மட்டும் உருண்டையாக இருந்தால் பயப்பட வேண்டாம், சிலதில் அப்படியும் வரும், அதற்குப் பீபெரி என்று தனி விலை.